வவுனியாப் பழைய காசுக் கடை: வாடகைக் கட்டிடத்தை விடுறதா, வைச்சிருக்கிறதா?

சல்லிமுட்டி:
வவுனியாவில இருக்கிற பழைய காசுக் கடைக்கு மார்கழியோட வாடகை ஒப்பந்தம் முடியுது. கடைக்கார ஐயாவுக்கு வயது போட்டுது, எடுத்து நடத்த ஆளில்லை. சரக்கை முகநூலில வித்துப்போட்டுக் கதவைப் பூட்டுவம் எண்டு யோசிக்கிறார். நான் பூட்டக்கூடாது எண்ட பக்கம். அந்தக் கடையின்ர பெறுமதி கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற காசில இல்லை, மேசையில இருக்கிற தராசிலதான்.

விக்டோரியா வெள்ளி ரூபாயை எடுங்கோ. நிறை 11.66 கிராம், குறுக்களவு 30.5 மி.மீ., ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. கள்ளக் காசு செய்யிறவனும் நிறையைச் சரியாக் கொண்டுவருவான், படத்தில பிடிக்க ஏலாது. தண்ணிக் கோப்பையைத் தராசில வைச்சுப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, காசை மெல்லிய நூலில கட்டி முழுசாத் தாழ விட வேணும். அடியில முட்டக்கூடாது. அப்ப தராசு காட்டுறது காசு விலக்கிற தண்ணியின்ர நிறை. நல்ல காசெண்டால் அது 1.13 கிராமுக்குக் கிட்டக் காட்டும். வெள்ளி பூசின பித்தளை மாதிரிக் கலவையெண்டால் அதே நிறைக்கு 1.35 மட்டில போகும். படத்தைப் பாத்துக் காசு அனுப்புற ஆளுக்கு இதை ஆர் செய்து குடுப்பினம்?

மாங்குளத்தான்:
அண்ணை, 0.01 கிராம் காட்டுற தராசு இப்ப ஆரும் வாங்கலாம். நீங்கள் எழுதினதை வாசிச்சவன் வீட்டிலயே செய்து பாப்பான். அதுக்கு மாதாமாதம் கடை வாடகை எதுக்கு?

சரக்கைப் பாருங்கோ. 1944 நெளிவிளிம்பு இரண்டு சதம், சதுர ஐந்து சதம், ஒரு சதச் செப்புக் காசுகள். எல்லாம் போத்தல் கணக்கில நிக்குது. இதுகள் வன்னியில பாதி வீட்டுத் தகரப் பேணிக்குள்ள கிடக்கு, வாங்க ஆள் வராது. கேட்டு வாறது 2013 ஆண்டிட்ட 25 மாவட்டப் பத்து ரூபாய்த் தொகுதியைத்தான். அதில கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலையும் பிரிச்சுத் தரச் சொல்லுவினம். பிரிச்சால் மிச்சம் 21உம் தேங்கும்.

இன்னொண்டு. அங்க காசு வைச்சிருக்கிற தாள்கள் மலிவான பீ.வி.சி. பிளாஸ்ரிக். தகரக் கூரை வெக்கையில அது கசிஞ்சு காசில பச்சைப் பசையாப் படியுது. சரக்கைக் காப்பாத்தவாவது கெதியா விக்க வேணும்.

சல்லிமுட்டி:
பசை விசயத்தில நீங்கள் சொல்லுறது சரி, தம்பி. ஆனால் அது திருத்தக்கூடியது. பசையைக் கரைக்கிற அசிற்றோன் எண்ட திரவத்தைச் சுத்தமானதா எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில விட்டு, காசைப் பத்து நிமிசம் போட்டு, புது அசிற்றோனில ஒருக்கா அலசி, தேய்க்காமல் காய விட்டால் போகும். சன்னலைத் திறந்து வைச்சு, அடுப்பு விளக்குப் பக்கம் போகாமல் செய்ய வேணும். நகப்பூச்சு அழிக்கிற தண்ணி சரிவராது, அதில எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கு. பிறகு பீ.வி.சி. இல்லாத மைலார் பிளாஸ்ரிக் தாளில வைக்க வேணும்.

பசையில்லாமல் தூளா, வெளிர் பச்சையாப் பூத்து, துடைச்ச இடத்தில குழி தெரிஞ்சால் அது வேற வருத்தம். உப்புச் செப்பைத் தின்னுது. அந்தக் காசை மற்றதுகளோட வைக்காமல், வடிச்ச தண்ணியில கிழமைக்கணக்கா, தண்ணியை மாத்தி மாத்தி ஊற வைக்க வேணும். ரெண்டையும் பிரிச்சறியிற கண் இருக்கிற ஆள் அந்த மேசையிலதான் இருக்கிறார்.

மாந்தைமண்:
நீங்கள் இருவரும் பெரிய விடயத்தைத் தொடவில்லை. அந்தக் கடையில் ஒரு தட்டு நிறைய யாழ்ப்பாண அரசர் காலச் சேது காசுகள் உள்ளன: ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே ‘சேது’ என்ற எழுத்து. பக்கத்தில் ஒல்லாந்தர் காலச் செப்புக் காசுகளும் 1802 யானைக் காசுகளும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டதைத் தொல்பொருளாகக் கொள்கிறது. நிலத்தில் கிடைத்தால் அறிவிக்க வேண்டும். நாட்டுக்கு வெளியே அனுப்ப அனுமதி வேண்டும். முகநூலில் போட்டால் முதலில் கேட்பவர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருப்பார். தபாலில் போடும் நாளிலேயே சிக்கல் தொடங்கும்.

சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், குளக்கட்டுத் திருத்தும்போது வெளிவரும் காசு எந்த மண்படையில், எந்த ஓட்டுத் துண்டோடு கிடந்தது என்பதுதான் அதன் கதை. அதைப் பிடுங்கி விற்றால் மிஞ்சுவது சில கிராம் செம்பு. விலை கொடுக்கும் கடை இருப்பதால்தான் மண்வெட்டியும் போகிறது. அந்தத் தட்டை வைத்துக்கொண்டு கடை தொடர்வதை நான் ஏற்கமாட்டேன்.

மாங்குளத்தான்:
அந்தத் தட்டை எடுத்தால் கடையில லாபம் வாற சரக்கே இல்லை. பிறகு எதை நம்பி வாடகை கட்டுறது?

சல்லிமுட்டி:
மாந்தைமண் சொன்னதுக்குப் பிறகு அந்தத் தட்டுக்காக நான் வாதாடேல்லை, எடுக்கத்தான் வேணும். ஆனால் முழுக் கட்டிடம் எதுக்கு? புத்தகக் கடையொண்டில ஒரு மேசை, கிழமைக்கு ரெண்டு நாள், சோதிச்சுச் சொல்லக் கட்டணம். இப்ப சனம் வெள்ளிக் காசை நகைக்கடைக்குக் கொண்டுபோய், உரைகல்லில உரைச்சு விளிம்பைக் கெடுத்துக்கொண்டு வருது. செப்புக் காசுக்குப் புளி போட்டு மினுக்கி வருது. மினுக்கினால் சேகரிக்கிறவன் வாங்கான். சங்கிலியில கோர்த்த ராணிக் காசில வளையத்தை வெட்டி, பற்றாசு வைச்ச இடத்தை அராவி விப்பினம். அதைப் பத்து மடங்கு வில்லையால விளிம்பைச் சுத்திப் பாத்தால்தான் பிடிக்கலாம்.

மாங்குளத்தான்:
நூறு ரூபாய்க் காசைச் சோதிக்க ஆர் அண்ணை கட்டணம் தருவினம்? எனக்கு நம்பிக்கையில்லை.

மாந்தைமண்:
கட்டணம் வருமோ வராதோ, முதல் வேலை சரக்குப் பதிவு. ஒவ்வொரு காசுக்கும் நிறை, குறுக்களவு, இரு பக்கப் படம், விளிம்புப் படம், யாரிடம் வாங்கியது என்பது. 1815க்கு முந்தியவற்றைத் தனியாக எழுதித் தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். மழை தொடங்கினால் அந்தக் கூரைக்குக் கீழே ஈரம் ஏறிவிடும். ஐப்பசிக்கு முன் முடிக்க இரண்டு பேர் தேவை.

மாங்குளத்தான்:
பதிவுக்கு நான் வாறன். தராசு கொண்டு வாறன். கடையைப் பற்றின என்ர கருத்து மாறேல்லை.