ஓவியத்தைப் பார்க்கும் முன் குறிப்பைப் படிக்கிறீர்களா?

கேள்வி: அருங்காட்சியகத்தில் எல்லாரும் முதலில் ஓவியத்தின் பக்கத்தில் இருக்கும் குறிப்பு அட்டையைப் படிக்கிறார்கள், அப்புறம் ஓவியத்தை ஒரு பார்வை, உடனே போனில் ஒரு படம், அவ்வளவுதான். என்ன நினைக்க வேண்டும் என்பதையும் அந்த அட்டையே சொல்லிவிட்டால் நாம் சுயமாக யோசிக்க என்ன மிச்சம்?

பதில் 1: பிரான்சில் பிறந்த கலைஞர் மார்செல் துஷாம்ப் 1957-லேயே ஒரு உரையில், படைப்பைக் கலைஞர் மட்டும் முடிப்பதில்லை, பார்வையாளருக்கும் அதில் பங்கு உண்டு என்றார். நான் முதலில் படத்தைத்தான் பார்ப்பேன், குழம்பினாலும் பரவாயில்லை.

பதில் 2: கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பிக்காசோவின் ‘குவெர்னிகா’ ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களில் சுமார் 7.8 மீட்டர் அகலம், எதுவும் தெரியாமல் நின்றாலே உலுக்கும், சரி. ஆனால் 1937-இல் ஸ்பெயினின் குவெர்னிகா என்ற ஊர்மீது விமானங்கள் குண்டு போட்டது தெரிந்த பிறகு அலறும் அந்தக் குதிரையை வெறும் வடிவமாகப் பார்க்கவே முடியாது. தகவல் தெரிவதால் சுதந்திரம் போய்விடாது.

பதில் 3: தகவல் வேறு, தீர்ப்பு வேறு. வருடமும் சம்பவமும் போடட்டும். ‘இது மனிதத் தனிமையின் வெளிப்பாடு’ என்று எழுதுகிறார்களே, அதுதான் எரிச்சல்.

கேள்வி கேட்டவர்: ஆமாம், என் புகாரும் அந்த வரிகள் மீதுதான். போன் விஷயத்தை யாருமே தொடவில்லையே?