மார்க்கெட்டை இடிக்கும் முன் எழுதி வாங்குங்கள்: கடைக்காரர்களின் அனுபவங்கள்

நாட்டு மருந்துக் கடை, தென்மாவட்டம்:

மாநகராட்சி மார்க்கெட்டில் எங்கள் கடை அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அதை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டப்போகிறோம் என்றபோது நாங்கள் எதிர்க்கவில்லை. கூரை ஒழுகியது, பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. புதுக் கட்டடம் கேட்டு மனு கொடுத்ததே நாங்கள்தான். "கட்டி முடித்ததும் உங்களுக்குத்தான் முதலில்" என்று கூட்டத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். எங்கள் சங்கத் தலைவர் மட்டும் விடவில்லை. "தரைத்தளமா, மாடியா? பழைய வாடகையை ஒட்டியா, ஏலத்தில் போகிற தொகைக்கா? அதை எழுதிக் கொடுங்கள்" என்றார். பதில் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப் பிடித்து எல்லாக் கடைகளையும் அளந்தோம். கடை எண், நீள அகலம், எந்த வாசலைப் பார்த்தது, உரிமம் யார் பெயரில், கடைசி வாடகை ரசீது எந்த மாதத்தது என்று எல்லாவற்றையும் எழுதினோம். அப்போதுதான் தெரிந்தது, நிறையக் கடைகளில் உரிமம் இறந்துபோன பெரியவர் பெயரிலேயே இருந்தது. மகன் ஒழுங்காக வாடகை கட்டுவார், ரசீது அப்பா பெயரில் வரும். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபிறகு வாரிசுச் சான்றிதழுக்கு அலைய முடியாது. அதனால் முதல் வேலையாகப் பெயர் மாற்றங்களை முடித்தோம்.

தற்காலிகக் கடை என்று தகர ஷெட் கொடுத்தார்கள். மத்தியான வெயிலில் கட்டிப் பெருங்காயம் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைக்கூடச் சமாளிக்கலாம். காய்கறிக் கடைகளை ஊரின் இன்னொரு பக்கம் போட்டதுதான் எங்களை அடித்தது. கத்தரிக்காய் வாங்க வந்த கையோடு பேறுகால மருந்தும் வாங்கிப்போன பாட்டிமார்கள், அதற்கென்று தனியாக ஒரு பஸ் ஏறி வரமாட்டார்கள்.

மனுமேல் மனு, கடையடைப்பு, கவுன்சிலர்கள் வீடு வீடாக நடை. கடைசியில் மன்றத் தீர்மானமாகவே வந்தது: தரைத்தளத்தில் பழைய உரிமதாரர்களுக்குக் குலுக்கல், மாடிக் கடைகள் மட்டும் ஏலம், வைப்புத்தொகை தவணையில். வாடகை கூடத்தான் செய்தது, ஆனாலும் கட்டுகிறோம். உள்வாடகைக்கு இருந்தவர்களைத்தான் காப்பாற்ற முடியவில்லை. வருஷக்கணக்காகக் கடையை நடத்தியது அவர்கள்; மாநகராட்சிக் கணக்கிலோ அப்படி ஒருவரே இல்லை. சிலர் தள்ளுவண்டிக்குப் போய்விட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பழைய புத்தக வியாபாரம், சென்னை:

அண்ணே, இடத்தைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. 1985-இல் சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட் எரிந்தபிறகு அங்கிருந்த வியாபாரிகளுக்கு அல்லிக்குளத்தில் வளாகம் கொடுத்தார்கள். சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் ரயிலுக்கு நேரம் இருக்கிறதென்று புத்தகம் புரட்டுகிறவர், சாலையில் இறங்கித் தேடி வருவாரா? அதன்பின் 2013-இல் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளை அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். மாடி கிடைத்தவர்கள் வியாபாரமே இல்லை என்று புலம்பியது பத்திரிகைகளிலும் வந்தது. மாடியில் கடை கொடுத்தால் படிக்கட்டு எங்கே, லிஃப்ட் உண்டா என்று வரைபடத்திலேயே பார்த்துவிடுங்கள்.

பூக்கடை, கோயில் தெரு:

கட்டடத்துக்குள் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு இது பொருந்தாது. எங்களைப்போல் தெருவில் உட்காருகிறவர்களுக்கு 2014-ஆம் வருஷத்துச் சாலையோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு நடத்தி விற்பனைச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். தெருக்கடை விஷயங்களைப் பேசி முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் நம்மால் தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

தெருவை அழகுபடுத்துகிறோம் என்று வந்து அம்மாவின் பூக்கூடையை வண்டியில் ஏற்றினார்கள். அம்மா அழவில்லை. "என்னென்ன எடுத்தீங்கன்னு எழுதிக் குடுங்க சார்" என்று வண்டி முன்னால் நின்றுவிட்டார். பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும், பூ, பழம் மாதிரி அழுகும் பொருளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு, நாம் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதைச் சங்கத்து அக்கா சொல்லிக்கொடுத்திருந்தார். சாயங்காலமே கூடை வந்துவிட்டது. மல்லி பாதிக்குமேல் மலர்ந்துபோய் அன்றைக்கு நஷ்டம்தான். ஆனால் அதற்கப்புறம் எங்கள் வரிசையில் யாரும் கேட்காமல் கை வைக்கவில்லை.

உங்கள் ஊரில் கணக்கெடுப்பு வருகிறதென்றால் அன்றைக்கு எந்த வேலை இருந்தாலும் கடையில் இருங்கள். ஆதாரையும் ரேஷன் கார்டையும் கையோடு வைத்திருங்கள். பெயர் விடுபட்டால் அந்த வாரமே எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.