புதுப்பிப்பு: மூலிகை விருந்துக்கு என்ன சமைத்தேன்

மாடித் தொட்டியில் கற்பூரவள்ளி, தூதுவளை, முடக்கத்தான் மூன்றும் தழைத்துக் கிடக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை வரும் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் அதில் என்ன சமைக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. விருந்து நன்றாகவே முடிந்தது.

முதலில் காலியானது கற்பூரவள்ளி பஜ்ஜி. இலையில் நீர்ச்சத்து அதிகம் என்பதால், கழுவியதும் துணியில் ஒற்றி ஈரம் போக்கிவிட்டுத்தான் கடலை மாவில் தோய்த்தேன். மாவு கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும், இல்லையென்றால் இலையில் நிற்காமல் வழுக்கிவிடும். சூடாகப் போட்டுப் போட்டுக் கொடுத்ததில் நான் அடுப்படியை விட்டு நகரவே இல்லை. பிள்ளைகள் வாணலியைச் சுற்றியே நின்றார்கள்.

தூதுவளை ரசத்துக்கு ஒருவர் சொன்ன வழிதான் சரி: முள்ளைக் கிள்ளிவிட்டு, இலையை நெய்யில் சுருள வதக்கி, மிளகு, சீரகம், பூண்டோடு அரைத்துப் புளித்தண்ணீரில் கலப்பது. நுரைத்து வந்ததும் இறக்கிவிட்டேன். சளி பிடித்திருந்த மாமா டம்ளரில் வாங்கிக் குடித்தார்.

முடக்கத்தானை இட்லி அரிசி, கொஞ்சம் உளுந்து, வெந்தயத்தோடு பச்சையாகவே அரைத்துத் தோசை வார்த்தேன். நல்லெண்ணெய் விட்டு முறுகலாகச் சுட்டால் கசப்பு பெரிதாகத் தெரியவில்லை. தொட்டுக்கொள்ளப் பூண்டு மிளகாய்ச் சட்னி. தேங்காய்ச் சட்னி இதற்கு எடுபடாது என்பது என் கட்சி. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது ஆளுக்கொரு கற்பூரவள்ளிக் குச்சி ஒடித்துக் கொடுத்தேன். மண்ணில் ஊன்றித் தண்ணீர் அளவாக ஊற்றினால் போதும், வேர் பிடித்துக்கொள்ளும்.