பிரிட்டனில் பழைய பிரிட்டிஷ் கார் வாங்க ஆசைப்படுபவர்களுக்கு

புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, கையில் ஐயாயிரம் பவுண்டு இருக்கிறது. மொரிஸ் மைனர் மாதிரி ஒரு பழைய கார் வாங்கலாமா, பணம் தண்டமாகிவிடுமா?"

தாராளமாக வாங்கலாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்கிப் பணம் கொடுக்காதீர்கள், பாடியைப் பார்த்துக் கொடுங்கள். இந்த வண்டிகளின் இன்ஜின், பிரேக், கியர்பாக்ஸ் பாகங்கள் எல்லாம் இன்றைக்கும் புதிதாகவே கிடைக்கின்றன, விலையும் அதிகமில்லை. ஆனால் துருப்பிடித்த பாடியை வெட்டி ஒட்ட இங்கே மணிக்கணக்கில் கூலி. ஊரில் டிங்கரிங் வேலைக்குக் கொடுக்கும் காசை நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தலை சுற்றும். குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புத் தூவும் நாடு இது. அந்த உப்புதான் பழைய கார்களைத் தின்கிறது.

அதற்கு முன்னால் லைசென்ஸ் விஷயம். இந்திய, இலங்கை லைசென்ஸை வைத்து இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் மட்டுமே ஓட்டலாம். அதை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், புரொவிஷனல் (கற்றுக்கொள்பவருக்கான லைசென்ஸ்) எடுத்து இங்கத்திய டெஸ்ட் பாஸ் ஆக வேண்டும். கிளாசிக் இன்ஷூரன்ஸ் (பழைய கார்களுக்கென்றே உள்ள இன்ஷூரன்ஸ்) கொடுப்பவர்கள் பலர் முழு யு.கே. லைசென்ஸும், தினசரி ஓட்ட இன்னொரு காரும் இருக்கிறதா என்று கேட்பார்கள். அதனால் முதல் வருஷம் வேலைக்குப் போக ஒரு சாதாரண ஜப்பான் கார், லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு ஆசைக் கார். இந்த வரிசைதான் சரி.

இந்தப் பணத்துக்கு நான் பார்க்கச் சொல்வது மூன்று வண்டிகள். மொரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை வந்தது. 1962-க்குப் பிறகு வந்த 1098 சி.சி. இன்ஜின் உள்ளதைத் தேடுங்கள், மேட்டில் மூச்சு வாங்காது. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி. டிரையம்ப் ஹெரால்டு சென்னைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், நம் ஊரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாக முன்னால் சாய்ந்து திறக்கும், முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சொந்தமாக ரிப்பேர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார் எனக்குத் தெரியாது. மூன்றாவது எம்.ஜி.பி. ஜி.டி., கூரை வைத்த ஸ்போர்ட்ஸ் கார். இதன் 1798 சி.சி. இன்ஜின் நம் அம்பாசடருக்கு வந்த பழைய பெட்ரோல் இன்ஜினின் குடும்பம்தான். குரோம் பம்பர் வண்டிகளுக்கு விலை அதிகம். 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்தது, அதை ரசிகர்கள் அவ்வளவாக மதிப்பதில்லை, நமக்கு அது லாபம். ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் அமைப்பு) உள்ளதாகப் பாருங்கள், மோட்டர்வேயில் காதும் பெட்ரோலும் தப்பிக்கும்.

பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தமும் மெல்லிய துணியும் எடுத்துப் போங்கள். காந்தத்தைத் துணியில் சுற்றிச் சக்கர வளைவு, கதவின் அடி ஓரம் எல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே தகடு இல்லை, பட்டி போட்டுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எம்.ஜி.பி.க்கு இன்னொரு சோதனை உண்டு. அதில் தனி சேஸிஸ் கிடையாது, கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' பகுதிதான் பாரம் தாங்குகிறது. ஓனரிடம் சொல்லி, ஜாக்கி வைக்கும் இடத்தில் ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மாறி, கதவு இடித்தால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. ஜாக்கி வைக்கவே ஓனர் தயங்கினாலும் அதே பதில்தான். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு. அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் அரிக்கும், குனிந்து பாருங்கள். மொரிஸ், ஹெரால்டு இரண்டிலும் முன் சக்கரத்தைத் தாங்கும் 'டிரன்னியன்' என்ற பாகத்தைக் கடைசியாக எப்போது கவனித்தார்கள் என்று கேளுங்கள். மொரிஸுக்கு கிரீஸ், ஹெரால்டுக்கு 90 ஆயில். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் முன் சக்கரம் மடிந்து உட்கார்ந்துவிடும். இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவர் வண்டியை ஒழுங்காக வைத்திருப்பவர்.

நீங்கள் போய்ச் சேருவதற்குள் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சோக் இழுத்துக் குளிரில் ஸ்டார்ட் ஆவதுதான் பரீட்சை.

"40 வருஷத்துக்கு மேலான காருக்கு டாக்ஸ், எம்.ஓ.டி. எதுவும் வேண்டாமாமே?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கிட்டத்தட்ட உண்மை. (எம்.ஓ.டி. என்பது வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறதா என்று வருஷாவருஷம் பார்க்கும் சோதனை.) டாக்ஸ் பூஜ்யம், ஆனாலும் வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். 'ஹிஸ்டாரிக்' வகைக்கு மாற்றியிருக்கிறதா என்று வி5சி லாக்புக்கில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) பாருங்கள். மாற்றியிருந்தால் லண்டன் யுலெஸ் கட்டணமும் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் தினக் கட்டணம்) இல்லை. யுலெஸ் புகைத் தரத்தை எட்டாத 1990-களின் மலிவு ரோவர் ஒன்றை வாங்கினால் லண்டனில் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு, மொரிஸுக்குச் சல்லிக்காசு வேண்டாம். எம்.ஓ.டி. விலக்கை மட்டும் தயவுசெய்து சலுகையாக நினைக்காதீர்கள். குழந்தைகளை ஏற்றிப் போகும் வண்டி. காருக்கான அதிகபட்சக் கட்டணமே 54.85 பவுண்டுதான், கட்டாயமில்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிவிடுங்கள். விற்பவரிடமும் புது எம்.ஓ.டி.யோடு தரச் சொல்லிக் கேளுங்கள். பதிவு எண்ணைப் போட்டால் பழைய எம்.ஓ.டி. விவரமெல்லாம் அரசு இணையதளத்தில் இலவசமாக வரும். 'அரிப்பு' என்ற வார்த்தை வருஷாவருஷம் திரும்பி வந்திருந்தால் அந்த வண்டிக்கு ரயில் ஏற வேண்டாம்.

வி5சி நம் ஊர் ஆர்.சி. புக் மாதிரி தெரியும், ஆனால் அது ஓனர் யார் என்பதற்கு அத்தாட்சி இல்லை. பெயர், விலை, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்ட ரசீது கட்டாயம் வாங்குங்கள்.

பெட்ரோல்: சாதாரண பங்கில் 2021 முதல் ஈ10. அதில் எத்தனால் அதிகம், பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது. சூப்பர் என்று விற்கும், எத்தனால் குறைந்த ஈ5 போடுங்கள்.

வாங்க நல்ல நேரம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வெயில் வந்தால் விலையும் ஏறும். அதற்குள் அந்தந்தக் காரின் ஓனர்ஸ் கிளப்பில் சேர்ந்துவிடுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் உறுப்பினர் யாராவது கூட வந்து பார்த்துத் தர முடியுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், சந்தோஷமாக வரும் பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த ஊர், என்ன வண்டி என்று இங்கே எழுதினால் நானும் விளம்பரத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.