வல்லாரைச் சாறு: டிபிபிஎச் சோதனையில் விழுக்காடு மைனஸில் வருகிறது, உதவுங்கள்

உட்லண்ட்ஸ் மாணவி:
வணக்கம். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். வல்லாரைக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறன் எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் புராஜெக்ட். தேக்கா சந்தையில் வாங்கிய கீரையை வீட்டு வாசல் நடையில் ஐந்து நாள் உலர்த்தி, பொடித்து, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினேன். மெத்தனாலில் கரைத்த 0.1 மில்லிமோலார் டிபிபிஎச் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் பட்டால் ஊதா நிறம் போய் மஞ்சளாகும் வேதிப்பொருள்) கலந்து, 30 நிமிடம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டரில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளந்தேன்.

சாறு சேர்க்காத கன்ட்ரோல் 0.98. மில்லிலிட்டருக்கு 0.25 மி.கி. சாற்றில் அது 14 விழுக்காடு குறைகிறது. 1 மி.கி.யில் அளவீடே 1.10, அதாவது மைனஸ் 12! மூன்று முறை செய்தும் அப்படியேதான். வைட்டமின் சி மட்டும் ஊதா போய் அழகாக மஞ்சளாகிறது. புதன்கிழமை ஆசிரியரிடம் காட்ட வேண்டும். பாட்டி வாரம் தவறாமல் துவையல் அரைக்கும் கீரை இது. ஒன்றுமில்லை என்று எழுத மனம் வரவில்லை.

ஆய்வக அக்கா:
வைட்டமின் சி சரியாக வருகிறதென்றால் டிபிபிஎச் நன்றாகத்தான் இருக்கிறது. அளக்கும் குழித்தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குழிகள் கலங்கலாக இருக்கின்றனவா?

உட்லண்ட்ஸ் மாணவி:
ஆமாம் அக்கா, கஞ்சித் தண்ணீர் மாதிரி! அடியில் வெள்ளைத் துகளும் படிந்திருக்கிறது.

ஆய்வக அக்கா:
அதுதான் காரணம். நீரில் கரைந்திருந்த புரதமும் மாவுப்பொருளும் மெத்தனால் பட்டதும் திரிந்துவிடும். கலங்கல் ஒளியைச் சிதறடிக்கும். கருவியோ அதையும் உறிஞ்சிய ஒளியாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளும். சாற்றின் சொந்த நிறமும் இதில் கூடுகிறது. எதிர்வினையைச் சிறு குழாயில் நடத்துங்கள். 30 நிமிடம் ஆனதும் சென்ட்ரிஃபியூஜ் என்ற வேகமாகச் சுழற்றும் கருவியில் ஐந்து நிமிடம் சுற்றி, மேலே தெளிந்ததை மட்டும் தட்டில் விடுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் சாறும் வெறும் மெத்தனாலும் சேர்ந்த பிளேங்க் ஒன்று கட்டாயம் வேண்டும். அதையும் அதேபோல் சுற்றி அளந்து கழித்துவிடுங்கள்.

புக்கிட் பாத்தோக் அண்ணன்:
அக்கா சொன்னது சரி. எனக்கு உலர்த்திய விதத்தில்தான் கவலை. நம் ஊர் ஈரக்காற்றில் ஐந்து நாள் என்றால் இலை பழுப்பாகியிருக்குமே? வாடும்போதே இலையிலுள்ள நொதி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பாலிஃபீனாலைத் தின்றுவிடும். அடுத்த முறை 40 டிகிரி சூட்டடுப்பில், மெல்லிய பரப்பாக உலர்த்துங்கள். 70 விழுக்காடு மெத்தனாலில் ஒரு சாறும் எடுத்து ஒப்பிடுங்கள், இவ்வளவு கலங்காது. நேரமிருந்தால் ஏபிடிஎஸ் என்ற இன்னொரு நிறமாற்றச் சோதனை முறையிலும் பாருங்கள். அது 734 நானோமீட்டர், இலைப்பச்சை அங்கே அதிகம் குறுக்கே வராது.

உட்லண்ட்ஸ் மாணவி:
இலை பழுப்பாகத்தான் இருந்தது அண்ணா. இன்று பழைய பொடியையே வைத்து, அக்கா சொன்னபடி சுற்றிப் பார்த்தேன். 1 மி.கி.யில் அளவீடு 0.61, பிளேங்க் 0.17. கழித்தால் 0.44, அதாவது 55 விழுக்காடு! கை நடுங்கிவிட்டது. நாளை காலை தேக்காவுக்குப் போய்ப் புதுக் கட்டு வாங்கி வருகிறேன்.