ஆர்பன் ஓடை: திசை ஏன் ஒட்டவில்லை?

அடையாறு_வானம்: ஆர்பன் விண்மீன் ஓடைக்கு (சிதைந்த ஒரு சின்ன மண்டலத்திலிருந்து உதிர்ந்த விண்மீன்களின் நீண்ட வரிசை) கணினி மாதிரி போட்டேன், பாதை பொருந்துது. ஆனா கையா விண்கலத் தரவில், தென்பகுதி விண்மீன்கள் ஓடையின் போக்கிலேயே நகரலை. பிழை எங்கே?

மயிலை_நோக்கி: நம்ம பால்வழிக்குப் பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தைச் சேர்த்தீங்களா? குள்ள மண்டலம்னு பேருதான்! 2019 ஆய்வின்படி நிறை சுமார் 13,800 கோடி சூரியன்கள். ஓடையைப் பக்கவாட்டில் இழுத்துடும்.

திருவான்மியூர்_2: பால்வழி மையத்தையும் ஆணியடிச்சு நிறுத்தாதீங்க. மேகம் அதையும் இழுக்கும். இரண்டையும் நகரவிட்டு, காலத்தைப் பின்னோக்கி ஓட்டிட்டு, அப்புறம் முன்னோக்கி ஓட்டும்போது ஓடையின் தாய் மண்டலத்திலிருந்து விண்மீன்களை உதிரவிடுங்க.

அடையாறு_வானம்: மேகம் சென்னையில் தெரியுமா?

மயிலை_நோக்கி: உச்சத்திலும் தென் அடிவானத்துக்கு மேல் 7 டிகிரிதான். நகர வெளிச்சத்தில் கஷ்டம்.