பழைய பிக்கப்பின் பின்பாதியை முகாம் டிரெய்லராக்கினால் லாபமா, வினையா?

மண்தடம்:
மண்பாதை, ஆற்றுப்படுகை, கல்மேடு என்று சுற்றுகிறவன் நான். என் வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போக ஒரு டிரெய்லர் கட்டப் போகிறேன். தயாராக விற்பதை வாங்க வசதி இல்லை. முன்பக்கம் நசுங்கிய ஒரு பிக்கப் காயலான் கடையில் கிடைத்திருக்கிறது. கேபினுக்குப் பின்னால் சேஸிஸை அறுத்து, பின்பாதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம். ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங், பிரேக் டிரம், சக்கரம், சரக்குத் தொட்டி எல்லாம் ஒரே விலைக்கு வந்துவிடும். சக்கரம் மாட்ட என் வண்டிக்கும் அதே ஆறு போல்ட், அதே 139.7 மி.மீ. வட்டத்தில்தான். ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும். தொட்டிக்கு மேல் மடக்குக் கூடாரம், 80 லிட்டர் தண்ணீர், ஒரு பேட்டரி. எல்லாம் ஏற்றினால் 900 கிலோ வரும். ஆக்ஸிலின் நடுவில் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் இருப்பதை மொத்தமாகக் கழற்றிவிட்டால் எடையும் மிச்சம். எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

இரும்புக்கை:
தப்பு கடைசியில்தான் இருக்கிறது. சில வண்டிகளில் ஆக்ஸில் ஷாஃப்ட் வெளியே வராமல் பிடித்துக்கொண்டிருப்பதே டிஃபரன்ஷியலுக்குள் அதன் நுனியில் மாட்டியிருக்கும் சி-கிளிப் என்ற சி வடிவ வளையம்தான். உள்ளே இருப்பதைக் கழற்றினால் அந்தக் கிளிப்புக்கு வேலையே இல்லை. ஒரு வளைவில் சக்கரமும் ஷாஃப்டும் சேர்ந்து உங்களை முந்திக்கொண்டு போகும். பின்னால் வருகிறவர் பாவம். புதிதாக ஒரு நேர் ஆக்ஸில் வாங்குங்கள். 45 மி.மீ. சதுரக் கம்பி, சக்கரம் மாட்ட இரண்டு ஹப், வேலை முடிந்தது.

மண்தடம்:
பதறிப்போய் டிரம்மைக் கழற்றிப் பார்த்தேன். என்னுடையது சி-கிளிப் ரகம் இல்லை. பிரேக் தகட்டுக்குப் பின்னால் நான்கு போல்ட், பேரிங்கை இறுக்கிப் பிடித்த ஒரு வளையம். ஷாஃப்ட் அந்தப் பக்கமே நிற்கிறது. ஆக, கழற்றலாம்தானே?

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
கழற்றாதீர்கள். நான் உங்கள் கட்சிதான், ஆனாலும் சொல்கிறேன். ஷாஃப்ட் வெளியே வராது, சரி. ஆனால் அதன் உள்நுனியைத் தாங்குவது டிஃபரன்ஷியலின் பக்கப் பல்சக்கரம். அது போனால் ஷாஃப்ட் வெளிப்பக்க ஒற்றைப் பேரிங்கில் மட்டும் தொங்கும். ஒரு சக்கரம் கல்மேல் ஏறும்போது வரும் பக்கவாட்டு நெம்பல் முழுவதையும் அந்த ஒரு பேரிங் தாங்க வேண்டும், அது அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. எஞ்சின் பக்கமிருந்து சுழற்சி கொண்டுவரும் பினியன் பல்சக்கரத்தையும், அது சுற்றும் கிரவுன் வளையத்தையும் மட்டும் எடுங்கள். பக்கப் பல்சக்கரங்களைத் தாங்கும் நடுக்கூடு உள்ளேயே இருக்கட்டும். பினியன் போன ஓட்டையைத் தகடு வைத்து மூடி, கொஞ்சம் எண்ணெயும் விட்டுவையுங்கள்.

முழு மிதவை ஆக்ஸிலாக இருந்தால் கதை வேறு. சக்கரத்தின் நடுவில் ஹப் துருத்திக்கொண்டு, அதன் முகத்தில் வட்டமாகச் சின்ன போல்ட்டுகள் இருந்தால் அந்த ரகம். அதில் சக்கரம் இரண்டு பேரிங்குகளோடு குழாயின் மேலேயே சுற்றும். ஷாஃப்டை உருவிவிட்டு ஹப்பை மூடிவிடலாம். ஆனால் அது கனரக வண்டிகளில்தான் அதிகம்.

இரும்புக்கை:
அப்படியானால் எடைக் கணக்கு என்ன ஆயிற்று?

மண்தடம்:
எடைபோட்டுப் பார்த்தேன், மறைக்க ஒன்றும் இல்லை. சக்கரம் இல்லாமல் முழு ஆக்ஸில் 96 கிலோ. பினியன், கிரவுன் இரண்டும் சேர்ந்து 9 கிலோ. மிச்சம் 87.

இரும்புக்கை:
புது ஆக்ஸில் ஹப்போடு 45 கிலோதான் வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். ஒவ்வொரு மேட்டிலும் 42 கிலோ பழைய இரும்பைச் சும்மா இழுத்துப்போவீர்கள். அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. ஒவ்வொரு குழியிலும் அது மேலே எகிறி இறங்கும். நடுவில் அந்த டிஃபரன்ஷியல் பானை வேறு தொங்குகிறது.

மேகநிழல்:
பானை தொங்கினால் என்ன? இழுக்கிற வண்டியிலும் அதே உயரத்தில் அதே பானைதான் தொங்குகிறது. சக்கர இடைவெளியும் ஒன்றுதான். முன்வண்டி தாண்டிய கல்லை டிரெய்லரும் தாண்டும். மணலில் முன்சக்கரம் போட்ட தடத்திலேயே டிரெய்லர் சக்கரமும் ஓடும். அகலம் குறைந்த ஆக்ஸில் போட்டவர்கள் மணலில் இரண்டு புதுத் தடம் வெட்டிக்கொண்டு இழுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறு வருடமாக இதே மாதிரி ஒன்றை இழுக்கிறேன். என்னைப் படுத்தியது ஆக்ஸில் இல்லை, ஸ்பிரிங். அது ஒரு டன் சரக்குக்காகச் செய்தது. மேலே 500 கிலோதான் இருந்தால் வளையவே வளையாது. முதல் பயணத்தில் சக்கரங்கள் தரையில் இருந்ததைவிட அந்தரத்தில் இருந்த நேரம் அதிகம். அலமாரியின் திருகாணி ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் கிடந்தது. அப்புறம் கீழ்ப் பட்டைகளில் இரண்டை எடுத்தேன், ஷாக் அப்சார்பர் போட்டேன், டயர் காற்றையும் மண்பாதையில் 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினேன். இப்போது சமர்த்தாக வருகிறது. ஒன்று மட்டும்: பட்டையில் வெல்டிங் வைக்கவே கூடாது. சூடு பட்ட இடத்தில் அதன் பதம் போய்விடும், ஒடியும்.

எறும்பு:
எனக்கு ஒரு சந்தேகம். டிரெய்லரே எதற்கு? கூடாரத்தை வண்டிக்கூரையில் போட்டு, குறைவாகச் சுமந்தால் இந்தத் தலைவலியே இல்லையே.

மண்தடம்:
நான்கு பேர், அதில் இரண்டு பேர் சின்னப் பிள்ளைகள். முகாமை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்ற வேண்டும். கூரைக் கூடாரம் என்றால் தண்ணீர் பிடிக்கப் போவதற்கும் வீட்டை மடிக்க வேண்டும்.

இரும்புக்கை:
டிரெய்லர் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் பேசுவது பழைய பாகம் பற்றி. என் முதல் டிரெய்லரும் பழைய இரும்பில் கட்டியதுதான், ஆகவே கேளுங்கள். இழுவைச் சட்டத்தைச் சேஸிஸின் முன் குறுக்குச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, கீழ்ப்பக்கம் குறுக்காக வெல்டிங் வைத்தேன். அந்த இடத்தில்தான் வளைவு விசை அதிகம் என்று அப்போது தெரியாது. மூன்றாவது பயணத்தில் சரியாக அந்த வெல்டிங் ஓரமாக விரிசல். கூப்பிட்டால் யாரும் வர முடியாத இடம். இரண்டு மரக்கிளையை வைத்துக் கட்டி நடை வேகத்தில் வெளியே வந்தேன். இழுவைச் சட்டம் குறைந்தது ஸ்பிரிங்கின் முன் கொக்கி வரைக்குமாவது சேஸிஸுக்கு அடியில் ஓட வேண்டும். வெல்டிங் நீளவாக்கில் இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய குழாய் என்றால் பூச்சை அரைத்து எடுத்துவிட்டு வெல்டிங் செய்யுங்கள். அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
இது ஒப்புக்கொள்ள வேண்டிய பேச்சு. ஆனால் அண்ணே, அது உங்கள் வெல்டிங்கின் குற்றம், பழைய இரும்பின் குற்றம் இல்லையே. புது இரும்பிலும் அப்படி வைத்தால் விரியும்.

இரும்புக்கை:
சரி, அது என் குற்றம்தான். பிரேக்குக்கு என்ன பதில்? 900 கிலோ என்கிறார். 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது.

மேகநிழல்:
டிரம் ஏற்கெனவே இருக்கிறதே! அழுத்து இணைப்பு ஒன்று போட்டால் முன்வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே பிரேக்குக்கு எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை அமுக்கும். கைப்பிரேக் கம்பியும் கூடவே கிடைக்கிறது, முகாமில் நிறுத்திவைக்க உதவும். புது நேர் ஆக்ஸிலில் இதெல்லாம் தனியாக வாங்க வேண்டும்.

இரும்புக்கை:
பின்னோக்கி மேடேற்றும்போது? அப்போதும் அதே இணைப்பு அமுங்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும். டிரெய்லருக்கென்றே செய்த டிரம்மில் பின்னோக்கிச் சுற்றினால் தானே விலகும் அமைப்பு உண்டு. காரின் டிரம்மில் அது கிடையாது.

மேகநிழல்:
இணைப்பில் ஒரு பூட்டு நெம்புகோல் இருக்கும். இறங்கி அதைப் போட்டுவிட்டுப் பின்னோக்கி எடுக்க வேண்டும். மழையில் எரிச்சலாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை.

தராசு:
எல்லோரும் ஆக்ஸிலைச் சுற்றியே வருகிறீர்கள். தண்ணீர்த் தொட்டியை எங்கே வைக்கப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. வண்டியோடு மாட்டும் இணைப்பின்மேல் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு உட்கார வேண்டும், இவருக்கு 90 கிலோ. அது குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். 80 லிட்டரைப் பின்னால் வைத்தால் தொட்டி நிறைந்திருக்கும்போது மூக்கு தூக்கும். முன்னால் வைத்தால் பயணத் தொடக்கத்தில் ஒரு எடை, முடிவில் வேறு எடை. ஆக்ஸிலுக்கு நேர் மேலே வையுங்கள், தண்ணீர் அலம்பாமல் நடுவில் தடுப்புத் தகட்டோடு.

அளக்க வீட்டுத் தராசு போதும். ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல்மேலும், மூன்றடி தள்ளித் தராசின்மேலும் வையுங்கள். செங்கல்லிலிருந்து ஓரடியில் டிரெய்லரின் மூக்கை இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் விடை.

மண்தடம்:
தொட்டியைப் பின்கதவுப் பக்கம்தான் வரைந்து வைத்திருந்தேன். மாற்றிவிட்டேன்.

ஆக்ஸில் விஷயத்தில் பழையதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். சக்கரமும் தடமும் ஒன்றாக இருப்பது எனக்கு 42 கிலோவைவிடப் பெரிது. ஆனால் இணைப்பு, பாதுகாப்புச் சங்கிலி, பேரிங், ஆயில் சீல், பிரேக் சிலிண்டர், ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ-போல்ட் எல்லாம் புதிது. டயரின் பக்கவாட்டில் 1114 என்று இருக்கிறது. அதாவது 2014-ன் 11-வது வாரம். தரையில் படும் பட்டன் எல்லாம் புதுசு போல இருந்தாலும் பழைய டயர், அதுவும் போகிறது.

இரும்புக்கை:
இப்போதுதான் கேட்க முடிகிற பட்டியலாக இருக்கிறது. நான் இன்னமும் புது ஆக்ஸில்தான் வாங்குவேன். காயலான் கடை ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள், சேஸிஸ் எண் முன்பாதியில் போயிருந்தால் பதிவின்போது அந்தத் தாள்தான் பேசும். முதல் 30 கிலோமீட்டரில் நிறுத்தி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் திரும்பிவிடுங்கள். சூடான ஹப்போடு ஆற்றில் இறங்கினால் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

மேகநிழல்:
நூறு கிலோமீட்டரில் யூ-போல்ட்டை இன்னொரு முறை இறுக்க வேண்டும். என்னுடையது அரைச் சுற்று உள்ளே போனது.